நாலு விரல் இடைவெளி

என் மாமா பொய் சொன்னார். என் கண்முன்னாலேயே, மூன்று அதிகாரிகளிடம், கூசாமல் சொன்னார். அதற்காக நான் அவரோடு இரண்டு வருஷம் பேசவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். திண்டிவனத்தில் எனக்குத் தம்பி பிறந்தான். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நான் இடைஞ்சலாம், விழுப்புரத்தில் அம்மாவின் அண்ணன் வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்பார்கள். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

மாமா ரயில்வேயில் தந்தி குமாஸ்தா. வீட்டில் அவரே செய்த ரேடியோப் பெட்டி ஒன்று இருந்தது. பாட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. தந்தி மாதிரியே அடித்தால், கம்பியே இல்லாமல் அடுத்த ஊருக்குச் செய்தி போகும். திண்டிவனம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அவருடைய கூட்டாளி. அவரிடமும் அப்படி ஒரு பெட்டி. யுத்தம் வந்ததும் சர்க்கார் எல்லா லைசென்ஸையும் ரத்து செய்து பெட்டிகளை ஒப்படைக்கச் சொன்னது. தங்கை தேறட்டும், அப்புறம் ஒப்படைக்கலாம் என்று மாமா மறைத்து வைத்திருந்தார். ரயில்வே தந்தியில் சொந்தச் செய்தி அனுப்பினால் வேலை போய்விடும் என்று பயந்த மனிதர், ஜெயிலுக்குப் போகிற வழியைத் தேர்ந்தெடுத்தார்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவைப் பற்றிச் செய்தி வரும் என்பது மட்டும்தான்.

பெட்டியின் மேல் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று நிற்கும். அதற்கு எதிரே பலகையில் இன்னொரு சுருள்; அதிலிருந்து ஒரு கம்பி வெளியே போய் வேப்பமரத்தில் ஏறும். இரண்டு சுருளும் நெருங்கினால் பவர் ஏறும், விலகினால் இறங்கும். ஆரம்பத்தில் மாமா ஒரு டார்ச் பல்பை வளையக் கம்பியில் கட்டிச் சுருளுக்குப் பக்கத்தில் பிடிப்பார். எதிலும் தொடாமலே அது எரியும். எப்படி என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் பாப்பா."

இது ஒரு பதிலா? அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. பல்பு நன்றாக எரிந்தால் மாமா சந்தோஷப்பட வேண்டாமா? முகம் சுளித்துச் சுருளைத் தள்ளி வைப்பார். பல்பு அழுது வடிந்தால்தான் அவருக்குத் திருப்தி.

"திண்டிவனத்துக்குக் கேட்டாப் போதும். ஊருக்கெல்லாம் இன்னாத்துக்கு?" என்பார்.

மாமா கஞ்சர் என்று முடிவு செய்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பல்பும் பியூஸ் ஆனது. அதன்பிறகு விரல்தான் அளவு. இரண்டு சுருளுக்கும் நடுவே நாலு விரலைச் செருகிப் பார்ப்பார். சரியாக இருந்தால் அடிக்க உட்காருவார். முடிந்ததும் சுருள்களைக் கழற்றிக் கேப்பைப் பானைக்குள் புதைத்துவிடுவார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் திண்டிவனத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அத்தை என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள். அம்மா செத்துப்போய்விட்டாளா என்று கேட்டேன். "வாயக் கழுவுடி!" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். அடி வாங்கியது நான், அழுதது அவள்.

மூன்றாம் நாள் மாமா ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டு ஓடிவந்தார். மணி ஆறாகிவிட்டிருந்தது.

"பாப்பா, ஜல்தி! நான் பாட்டரியப் பூட்டிக்கினு இருக்கேன். நீ அந்தச் சுருள எடுத்து வெய்யி. நாலு விரல், மறந்துடாத!"

"இந்தப் பொட்டிய வெச்சிக்கினு ஒரு நாளு பேஜாருல மாட்டப் போறீங்க" என்றாள் அத்தை.

"உன் நாத்தனாரு சேதி வேணுமா வேணாமா?"

அத்தை போய்க் கேப்பைப் பானையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

நான் கேப்பையைத் துடைத்துச் சுருள்களை வைத்தேன். நடுவே என் நாலு விரலைச் சேர்த்துச் செருகினேன். இம்மி பிசகவில்லை. மாமா ஹெட்போனை மாட்டி அடித்தார். பத்து நிமிஷம் அடித்தார். திடீரென்று அவர் கை நின்றது. பலகையில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார்.

"காச்ச எறங்கிடுச்சி. கஞ்சி குடிச்சாளாம்" என்றார். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹெட்போனில் இன்னும் ஏதோ வந்தது. மாமா நெற்றியைச் சுருக்கினார். "இன்னிக்கி இன்னா, பக்கத்துத் தெருவுல இருந்து அடிக்கிற மாதிரி கேக்குதுன்றான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே சுருளைப் பார்த்தார். தன் விரல்களைச் செருகினார். மூன்றுகூட முழுதாக நுழையவில்லை.

பாட்டரிக் கம்பியைப் பிடுங்கினார். பிறகு என் கையை எடுத்துத் தன் உள்ளங்கைமேல் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார். நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். கையை விட்டுவிட்டுச் சுருள்களைக் கழற்றிப் பானைக்குள் புதைத்தார்.

நாலாம் நாள் காலையில் கடலூரிலிருந்து மூன்று பேர் மோட்டாரில் வந்தார்கள். நேரே வேப்பமரத்தடியில் நின்று கம்பியை அண்ணாந்து பார்த்தார்கள். பானையைக் கவிழ்த்தார்கள். தொப்பிக்காரர் சுருளைக் கையில் தூக்கிக் கேட்டார்:

"மெட்ராஸ் வரைக்கும் கேட்டிருக்குய்யா. யாரு இவ்ளோ பவர் ஏத்தி வெச்சது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெட்ராஸ் வரைக்கும்! வாயைத் திறந்தேன்.

"நான்தாங்க" என்றார் மாமா.

"பொய்யி! நான்தான் வெச்சேன்! நாலு விரல் அளந்து நான்தான் வெச்சேன்!" என்று கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்தி இழுத்தாள். அவள் விரலைக் கடித்தேன். தொப்பிக்காரர் மாமாவைப் பார்த்தார்.

"கொழந்தைங்க, இன்னாத்தையோ ஒளறுது" என்று மாமா சிரித்தார்.

நான் செய்த வேலையைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டார். போதாக்குறைக்கு நான் உளறுகிறேனாம். பெட்டியோடு அவரையும் மோட்டாரில் ஏற்றினார்கள். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புறப்படும்போது மாமா என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். கட்டை விரலை மடக்கி, நாலு விரலை மட்டும் காட்டினார்.

கேலி வேறு செய்கிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.