அழிக்காத கைக்கு வந்த பழி

மதுரை பஸ் ஸ்டாண்டில் நின்றபோது போன் வந்தது. "வசந்தி மேடம் போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." சொன்ன பழைய ஆபீஸ்காரர் அதே மூச்சில், "அதான், அந்த ஸ்கேனையெல்லாம் அழிச்சாங்களே, அவங்கதான்" என்றார். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்படியே திருச்சி பஸ் ஏறினேன்.

திருச்சியில் நாங்கள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பிரிவு மேடத்தின் பொறுப்பு; நான் அவருக்கு உதவியாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். காவிரிப் பாலத்து நெரிசலில் ஏறிய கடுப்பு காபி குடித்த பிறகுதான் இறங்கும். டிஸ்க்கில் எதையாவது அழிப்பதென்றால் தன் கண்ணை மட்டும் நம்பமாட்டார். டிஸ்க்கின் மேலுள்ள எண்ணை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். திரையில் தெரிவதை அவர் படிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கை வைப்பார். ஒருமுறை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க, சிரிங்க. இதுக்குள்ள யாரோ ஒருத்தரோட மூளைக்கட்டி இருக்கு" என்றார்.

பழைய சர்வரில் ஒன்றுக்கொன்று நகலாக, ஜோடியாக ஓடிய இரண்டு டிஸ்க்குகளைப் புதிய சர்வரில் தனித்தனியாக மாட்டச் சொன்னார் மேலாளர். டிஸ்க்குக்குள் இருக்கும் இடத்தைப் புதிதாகப் பாகம் பிரித்தாயிற்று. ஆனால் அதனால், இவை ஜோடி என்று டிஸ்க்கில் பதிந்திருக்கும் பழைய அடையாளக் குறி போய்விடாது. அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

"உள்ள சுவர மாத்திக் கட்டிட்டோம் சார். வாசல்ல பழைய ஆள் பேர்ப்பலகை தொங்குது. கழட்டிடறேன், கொஞ்ச நேரம் குடுங்க."

"அதான் புதுசா பிரிச்சாச்சே மேடம்? வெளிய பேஷண்ட் காத்துக்கிட்டிருக்காங்க" என்று மேலாளரே சர்வரை ஆன் செய்தார்.

சில நாளில் கரண்ட் போய் வந்தது. மறுபடி ஓடத் தொடங்கிய சர்வர் பழைய குறியைப் பார்த்து, இவை அந்தப் பழைய ஜோடிதான் என்று நம்பி, ஒன்றில் இருந்ததை மற்றதன்மேல் எழுதித் தள்ளியது. நோயாளிகளின் படங்கள் நாசம். "வசந்தி மேடம் தப்பா அழிச்சுட்டாங்க" என்று ஊரெல்லாம் சொன்னார் மேலாளர். அழிக்க விடாமல் தடுத்த மனிதரின் வாயிலிருந்து இந்தப் பேச்சு! மேடத்தை வேலையை விட்டு அனுப்பினார்கள். நடந்ததை நிர்வாகத்திடம் சொன்ன என்னை மதுரைக் கிளைக்குத் தூக்கி அடித்தார்கள்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு அந்த மேலாளரும் மாலையோடு வந்திருந்தார். மேடத்தின் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், ஒரு தப்பு பண்ணிட்டாங்க. நாங்க மனசுல வெச்சுக்கல சார்" என்றார். என்ன நெஞ்சழுத்தம்!

"அவங்க எதையும் அழிக்கல" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "அழிக்கணும்னு கெஞ்சினாங்க. நீங்கதான் விடல."

மேலாளர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கணவர் என்னையே பார்த்தார்.

"அவ அழிக்கலையா?"

"இல்லைங்க."

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டார். "தப்பு எல்லாரும் பண்றதுதானே, விடுன்னு தினம் ஆறுதல் சொன்னேனே. நிஜமாவே நீதான் அழிச்சியான்னு ஒரு தடவகூட கேக்கலையே. அவளும் பதிலே பேசமாட்டா."

போய் வாருங்கள் மேடம். கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் வாய்விட்டுச் சொல்வேன்: நீங்கள் அழிக்கவில்லை.