உப்புத் தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்கு

என் வாய்க்கு ஆவடி மார்க்கெட்டில் ஒரு மரியாதை உண்டு. நான் நிறுக்கச் சொன்ன தக்காளியில் ஒரு சொத்தை தட்டுப்பட்டால் போதும், கடைக்காரரே "யக்கா, ஆரம்பிச்சிடாதே, வேற எடுத்துக்கோ" என்று கூடையை என் பக்கம் தள்ளிவிடுவார். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஓர் உருளைக்கிழங்குக்கு முன்னால் வாயடைத்து நின்றேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நாற்பதைத் தாண்டிய பிறகு பிளஸ் டூ எழுதக் கிளம்பினவள் நான். சேக்காட்டில் எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் பாஸ் செய்தால் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பிவைப்பதாக அங்கிருக்கும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். "டோக்கன் அக்கா" என்று கூப்பிடுகிற வாய்கள் "சிஸ்டர்" என்று கூப்பிட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். வீட்டிலிருந்தபடியே படிக்கிற படிப்பில் சேர்ந்து எழுத்துத் தேர்வையெல்லாம் எப்படியோ முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது உயிரியல் செய்முறைத் தேர்வு. அதில் கோட்டைவிட்டால் மறுபடி எழுத வேண்டும். டாக்டரம்மா அதுவரை காத்திருப்பாரா என்பது சந்தேகம்.

தேர்வு அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். கிழங்கு, எலுமிச்சம்பழம், பாக்கெட் ஜூஸ் எல்லாம் நாங்களே கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். என் மகளும் அந்த வருஷம் பிளஸ் டூதான், உயிரியல்தான். காலையில் நான் கிழங்கைக் கையில் எடுத்ததுமே அவள் ஆரம்பித்தாள்.

"மா, இங்கியே சீவாதே. அங்க போய் சீவு."

"கிழங்கு சீவ நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போடி, போய்ப் பல்ல தேய்."

அத்தனை பேர் பார்க்கக் கத்தி பிடிக்க எனக்கு இஷ்டமில்லை. வீட்டிலேயே தோல் சீவி, அடிப்பக்கம் தட்டையாக வெட்டி, நடுவில் அழகாகக் குழி தோண்டினேன். கடையில் வாங்கினது மாதிரி இருந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன். பிறகு தினமும் செய்கிற மாதிரி, கறுத்துப் போகாமல் இருக்க டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி, கைநிறைய உப்பை அள்ளிப் போட்டு, அதில் கிழங்கை முக்கி மூடினேன். ஏசப்பா, நீரே துணை என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

பள்ளியில் எங்களை வராந்தாவில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். எல்லாம் என் மகள் வயசுப் பிள்ளைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கள்ளிக்குப்பத்திலிருந்து வந்திருந்தாள். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள். புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, இந்த உட்சவ்வூடு பரவல், வெளிச்சவ்வூடு பரவல், ரெண்டும் கொயப்பிக்கினே கீது. உங்களுக்குப் புரிஞ்சிச்சா?"

எனக்குக் குஷியாகிவிட்டது. "வெள்ளரிக்காயில உப்பு தூவி வெச்சா இன்னா ஆவுது? தண்ணி விட்டுக்குதா? வெளிய உப்பு ஜாஸ்தி, உள்ளார தண்ணி ஜாஸ்தி. உள்ள இருக்கிற தண்ணி சவ்வு வழியா வெளிய வந்துடுது. காய் தொவண்டுபோவுது. அதான் வெளிச்சவ்வூடு பரவல். காய்ஞ்ச திராட்சைய தண்ணில போட்டா ஊறி உப்பிப்போவுதே, அது உள்."

"சூப்பர் ஆன்ட்டி! எங்க மிஸ்ஸு கூட இப்டி சொல்லல."

இதை நான் விளக்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த டிபன் பாக்ஸ் என் மடியில்தான் இருந்தது. எனக்கு உறைக்கவேயில்லை. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? வாய் பாடம் நடத்துகிறது, மடியில் கிழங்கு உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் வைட்டமின் சி. கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டுக் கருநீலமாக்கி, அதில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வைட்டமின் இருந்தால் நீலம் போய்விடும். எலுமிச்சைச் சாறு சில சொட்டிலேயே நீலத்தை வாரிக்கொண்டு போனது. பாக்கெட் ஜூஸை ஊற்றிக்கொண்டே இருந்தேன், நீலம் அசமந்தமாக அப்படியே கிடந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எட்டிப் பார்த்து "குட்" என்றார். எனக்கு ஓரடி உயரம் கூடிவிட்டது.

அடுத்து கிழங்கு. டிபன் பாக்ஸைத் திறந்து எடுத்தேன். அது வளைந்தது. காலையில் கல் மாதிரி இருந்தது, இப்போது விரல் பட்ட இடமெல்லாம் அமுங்கியது. அப்போதுதான் புரிந்தது. வேறு கிழங்கு கொண்டுபோகவில்லை. குழியில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசியால் மட்டத்தைக் குறித்து, தண்ணீர்த் தட்டில் வைத்தேன். மற்றவர்களின் கிழங்கில் தட்டுத் தண்ணீர் உள்ளே புகுந்து, கரைசல் ஊசிக்கு மேலே ஏறியது. என்னுடையதில் ஏறவில்லை. ஏசப்பாவாலும் அதை ஏற்றியிருக்க முடியாது.

தேர்வாளர் வந்தார். கிழங்கைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அமுக்கினார்.

"என்னம்மா இது, பந்து மாதிரி இருக்கு? என்ன பண்ணீங்க?"

"உப்புத் தண்ணில போட்டு எடுத்தாந்தேன் சார்."

"எதுக்கு?"

"கறுக்காம இருக்க."

மொத்த லேபும் சிரித்தது. அவரும் சிரித்தார். "அம்மா, இது லேப். பொரியல் பண்ண வரலை நாம. சரி, இது ஏன் இப்படி ஆச்சு? அதையாவது சொல்லுங்க."

பதில் தொண்டை வரை வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வரும் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் முன்னால் அழுவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "தெரியல சார்" என்றேன்.

"வேற யாராவது?"

கள்ளிக்குப்பத்துப் பெண் கை தூக்கினாள். "சார், வெளிய உப்பு ஜாஸ்தி, உள்ளார தண்ணி ஜாஸ்தி. உள்ள இருக்கிற தண்ணி சவ்வு வழியா வெளிய வந்துடுச்சு சார். வெளிச்சவ்வூடு பரவல்." என் வார்த்தை, ஒன்றுகூட மாறவில்லை.

"வெரி குட்!" என்றார் அவர். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும் ஒவ்வொருவராக அவர் மேசைக்குப் போய் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். என் முறை வந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வயசுல படிக்க வந்திருக்கீங்க, அதுக்கே மார்க் போடலாம். ஒண்ணும் தெரியலைன்னா பரவால்லம்மா. பாஸ் போட்டுடறேன், கவலைப்படாம போங்க." நல்ல மனிதர். என்னைப் பார்த்துப் பாவப்பட்டுவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். தக்காளிக்குச் சண்டை போடுகிற வாய் அது.

கேட்டருகே அந்தப் பெண் நின்றிருந்தாள். "ஆன்ட்டி, கோச்சிக்காதீங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் பார்த்துக்கினே இருந்தேன். நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. ஏன் ஆன்ட்டி சொல்லல?"

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. என் மேல்தான் பொங்கிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று திரும்பி நடந்தேன். லேபில் அவர் பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கிழங்கு. வெளிய உப்பு அடர்த்தி ஜாஸ்தி சார். உள்ள இருந்த தண்ணி சவ்வு வழியா வெளிய வந்துடுச்சு. செல்லெல்லாம் சுருங்கிடுச்சு. அதனாலதான் தொவண்டுபோச்சு. சர்க்கரைத் தண்ணி ஏறாததும் அதனாலதான். எனக்குத் தெரியும் சார்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மூச்சிரைத்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு, அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சா? பரவால்லம்மா. அதான் பாஸ் போட்டுட்டேனே."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க சார், தேங்க்ஸ்" என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டு வந்தேன்.