தரையோடு ஓடிய கோடு

என் கணவர் மத்திய அரசில் புள்ளிவிவர அதிகாரி. எனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து என் ரத்தப் பரிசோதனை எண்களையெல்லாம் எக்செல்லில் ஏற்றி வரைபடம் போட ஆரம்பித்தார். சர்க்கரைக்குச் சிவப்புக் கோடு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் கிரியேட்டினினுக்கு நீலக் கோடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப் புள்ளி வைப்பார். லேபில் கொடுத்த தாளை டேக் போட்டு ஃபைலில் கோத்துவிட்டு, டிஸ்பென்சரிக்கு வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். வெளியே அனுமார் வால் மாதிரி வரிசை நிற்கும். டாக்டர் சிவப்பைப் பார்த்து மாத்திரை எழுதித் தருவார்.

தாளை நீயே பார்த்திருக்கலாமே என்று பின்னால் என் தங்கை கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கென்ன! வீட்டிலேயே ஒரு அதிகாரி கலர் கலராகக் கோடு போட்டுக் காட்டும்போது எவள் போய் ஃபைலைப் பிரிப்பாள்?

போன குளிர்காலத்தில் எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சாக்ஸைக் கழற்றினால் தோலில் பள்ளமாக வளையம் நின்றது. தில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டாம் மாடி. காய்கறி விற்கும் பையாவின் குரல் கேட்டு இறங்கிப் போனால், திரும்பி ஏறுவதற்குள் மூச்சு முட்டியது.

“காலு வீங்குது பாத்துக்கிடுங்க. சாப்பாடே இறங்க மாட்டேங்கு. என்னமோ சரியில்ல,” என்றேன்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். “இங்க பாரு. நீலக் கோடு தரையோட தரையா ஓடுது. கிட்னி அச்சாவா இருக்கு. நீ சும்மா பயப்படுதே.”

சும்மா! அந்த ஒரு வார்த்தையின் மீது எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. குளிர் போய் ஃபேன் போடும் காலம் வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொன்ன ஒவ்வொரு முறையும் லேப்டாப் என் பக்கம் திரும்பியது. கடைசியில் அவரிடம் சொல்லாமலே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, “பெஹ்லே க்யோன் நஹீன் ஆயீ?” என்றார். முன்னாலேயே ஏன் வரவில்லை? ஒன்றாக இருந்த கிரியேட்டினின் மூன்றைத் தாண்டியிருந்தது. கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்து ஃபைலை அவர் முன்னால் போட்டேன். தானே ஏற்றிய எண்ணை லேப்காரன் தடித்த எழுத்தில் அடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்; அவருக்கு முகம் செத்துவிட்டது. சர்க்கரை நூறு, இருநூறு என்று ஓடும் எண். கிரியேட்டினின் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் முந்நூறு வரை போகும் ஒரே அளவுகோலில் வைத்தால், ஒன்று மூன்றானாலும் கோடு அசையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அதுவும் யார்? ஆபீசில் ஒரு ஜூனியர் இதே தப்பைச் செய்ததைச் சாப்பிடும்போது என்னிடம் சொல்லிச் சிரித்த மனிதர். சின்ன எண்ணுக்கு வலப்பக்கம் தனி அளவுகோல் வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு எடுக்கிறார்களாம். ஊருக்குத்தான் உபதேசம்.

உட்கார்ந்து மவுஸைத் தட்டினார். வலப்பக்கம் புது அளவுகோல் வந்தது. நீலக் கோடு விருட்டென்று எழுந்து சிவப்பை வெட்டிக்கொண்டு மேலே போனது. ஒரு நிமிஷ வேலை.

பிறகு முதன்முதலாகக் குனிந்து என் காலைப் பார்த்தார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“அந்தக் கோட்டுக்கிட்டயே கேளுங்க.”