அப்பா திருவிருந்துக்குக் கைநீட்டிய நாள்

அப்பா கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அப்பாவின் நல்ல குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று அம்மா சொன்னார்கள். அப்பாவோ, “எல்லாத்தையும் எழுது பிள்ள, நம்ம ஆளுகளுக்குத் தெரியட்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

சாத்தான்குளம் பக்கம் பிறந்த அப்பா, ஐ.டி.ஐ. முடித்ததும் பிழைப்புக்காகப் புனே வந்தார்கள். போசரியில், இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனார்கள். ஊரிலிருந்து வேலை தேடி வந்த பலர் விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டு ஹாலில்தான் முதலில் தங்கினார்கள். புனேயின் கேம்ப் பகுதியில் உள்ள தமிழ் ஆலயத்துக்கு அப்பா ஒரு ஞாயிறும் தவறியதில்லை. ஆனால் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது, அப்பா மட்டும் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

புற்றுநோய் வந்து முற்றிய பிறகே அப்பா எங்களிடம் காரணத்தைச் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு, வேலை வேகமாக நடக்கட்டும் என்று, மெஷினுக்குள் கை போகாமல் தடுக்கும் கம்பி வலையை அப்பாதான் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கண்பத் என்ற தொழிலாளியின் வலது கை நசுங்கிப்போனது. வலையைக் கண்பத்தே கழற்றினார் என்று சொல்லிக் கம்பெனி அவரை வேலையைவிட்டு அனுப்பியபோது, அப்பா வாய் திறக்கவில்லை. இதைக் கேட்ட அம்மா, “எங்கிட்டக்கூட மறைச்சிட்டீயளே” என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்கள்.

அப்பாவின் விருப்பப்படி, கண்பத் காகாவின் (இங்கே சித்தப்பாவைக் காகா என்பார்கள்) வீட்டைத் தேடி அப்பாவைக் கூட்டிப் போனேன். அப்பா இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார்கள். காகா முழுவதையும் கேட்டார்.

“நீங்கதான் கழட்டச் சொன்னீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் சாஹேப். நீங்க வருவீங்கன்னு ரொம்ப நாள் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்” என்றார். பிறகு இடது கையால் டீயை எடுத்து நீட்டினார்.

எதை விட்டார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. கோபத்தையா, காத்திருப்பதையா?

ஆட்டோவில் வரும்போது அப்பா, “அவன் ஏம்ட்டி என்னய ஏசல? ரெண்டு வார்த்த ஏசியிருந்தாத் தேவலயே” என்று அழுதார்கள்.

அந்த வாரமே போதகர் ஐயா திருவிருந்தோடு வீட்டுக்கு வந்தார்கள். “எனக்கு இதுக்கு யோக்கியத இல்லய்யா” என்றார்கள் அப்பா.

“இல்லதான். அதுக்காகத்தான் கொண்டு வந்திருக்கேன்” என்றார் ஐயா.

அப்பா மெலிந்த கையை நீட்டினார்கள். அம்மா பக்கத்தில் வந்து அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். வாங்கி உண்ட பின்பும் அப்பாவின் முகம் தெளியவில்லை. “ஒண்ணும் கேக்காம சும்மாவா குடுத்துட்டாவ?” என்று என்னிடம் கேட்டார்கள். அன்று அப்பா நன்றாகத் தூங்கினார்கள்.

அப்பாவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அப்பாவை அடக்கம் செய்த அன்று கண்பத் காகா கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். எங்களோடு நின்று ஒரு பிடி மண் போட்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.