மூலை அறைக்கு மூன்று தரப்பு

அக்காக்காரிக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். அளக்க வந்த நகராட்சி ஆள் அவள் மாவு மில்லுக்குள் டேப்பை நீட்டினானோ இல்லையோ, ரெண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து வீசினாள். அவன் செய்த புண்ணியம், கல் காதோரமாகப் போய்ச் சுவரைப் பெயர்த்தது. "அடுத்தது நெத்திக்கு வரும்," என்றாள். வரும் என்று கடைத்தெருவுக்கே தெரியும். மிளகாய்த்தூளில் செங்கல் பொடி கலக்கிறாள் என்று புரளி கிளப்பியவனை, அவன் கடை வாசலிலேயே போட்டு மிதித்து ரெண்டு பல்லை உதிர்த்தவள் அவள்.

அவள் ஆத்திரத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஊர் நடுவில், அவள் மில் இருந்த பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். மேலே வீடுகள், கீழே கடைகள், பொதுவுக்கு ஒரு கூடம். யாருக்கு எந்த இடம் என்று குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் குழந்தைகள் காப்பகம் நடத்துகிற பெண்களும் வெள்ளிக்கிழமைக்குள் ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிகாரி தன் இஷ்டத்துக்குப் பிரித்துவிடுவார். எல்லார் கண்ணும் தரைத்தளத்து மூலை அறை மேல்தான். வீட்டுக்காரர்களுக்கு அங்கே மாடிப்படி வேண்டும். காப்பகத்துக்கு அதன் வெளிச்சம் வேண்டும். மில்லின் கனத்தையும் அதிர்வையும் தாங்கத் தனி அஸ்திவாரம் போட அங்கே மட்டும்தான் தோது இருந்தது. மூலை போனால் மில் போச்சு. புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போன இருபது வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது அந்த மில்.

குடியிருப்பவர்களுக்குத் தலைவன் யார் தெரியுமா? அவள் கூடப்பிறந்த தம்பி. மாடியில் தையல் மிஷின் மிதித்துப் பிழைக்கிறவன். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். முதல் கூட்டத்தில் மாடிக்காரர் ஒருவர், "காலங்காத்தால இந்த எழவு சத்தத்தை யாரு கேக்கிறது?" என்று வாயை விட்டார். அவ்வளவுதான், இரும்பு நாற்காலியை மடக்கி அவர் முதுகில் இறக்கினாள். கடைக்காரர்களும் மாடிக்காரர்களும் கைகலந்து உருண்டார்கள். காப்பகத்துப் பெண் ஒருத்திக்கு நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. தம்பிதான் நடுவில் புகுந்து, உதடு கிழிய அடி வாங்கிப் பிரித்துவிட்டான்.

"அக்கா, உனக்காகத்தான் நான் நாயா அலைஞ்சு பேசிக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் அடங்கு."

"நீ கிழிச்ச. போடா."

வியாழக்கிழமை மில்லை ஒட்டியிருந்த கூடத்தில் மறுபடி கூட்டம் போட்டார்கள். அவளை மட்டும் உள்ளே விடவில்லை. கேட்கப் பிடிக்காத பேச்சு வந்தால் மோட்டாரைப் போட்டுவிடுவது அவள் வழக்கம். பக்கத்துக் கூடத்தில் ஒரு பயல் பேச்சும் இன்னொருவன் காதில் விழக்கூடாது என்று, ஒரு பிடி தானியம்கூடப் போடாமல் வெறும் மில்லை ஓடவிட்டாள். கல்லோடு கல் உரசிக் கருகல் நாற்றம் கிளம்பியது.

தம்பி ஓடி வந்தான். வாய் அசைந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவிட்சை மறைத்துக்கொண்டு அவள் ஸ்பேனரோடு நின்றாள். அந்த மில்லுக்குள்ளேயே வளர்ந்தவன் ஆயிற்றே, ஓடுகிற பெல்ட்டைக் கட்டையால் நெம்பித் தள்ளினால் கல் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் எத்தனையோ தரம் செய்திருக்கிறான். கட்டையை எடுத்தான். மில்லை உடைக்க வந்துவிட்டான் என்று அவளுக்கு வெறி ஏறியது. ஓங்கி அவன் தோளில் போட்டாள். அவன் தடுமாறி விழ, வலது கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய்விட்டது.

சுவிட்சை அணைப்பதற்குள் முழங்கைக்குக் கீழே எல்லாம் முடிந்திருந்தது. தரையில் கிடந்த மாவெல்லாம் சிவந்துவிட்டது. மில் நின்ற பிறகுதான் அவன் குரல் கேட்டது.

"மூலை உனக்குத்தான்னு... எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீசிடம், நானே கால் இடறி விழுந்தேன் என்று சொல்லிவிட்டான் தம்பி. அதிகாரி கையெழுத்துக்கு ஒரு மாசம் தவணை கொடுத்தார். தவணை முடிந்த நாளில் மாடிக்காரர்கள் ஒரே குரலாக, அந்த ராட்சசிக்கு இடம் கிடையாது என்றார்கள். தம்பி கேட்கவில்லை. மூலை மில்லுக்கு, காலை எட்டு மணிக்கு முன்னால் மில் ஓடக்கூடாது, சுவரைத் தடிமனாகக் கட்ட வேண்டும், மாடிப்படி பின்பக்கம், காப்பகத்துக்கு முற்றத்தைப் பார்த்த அறை. ஏற்கெனவே பேசி முடித்ததை வரி பிசகாமல் படிக்கச் சொன்னான். படித்ததும் அவன் பெண்டாட்டி மை தடவிவிட, மாடிக்காரர்களுக்குத் தலைவனாக இடது பெருவிரலை அழுத்தினான்.

அவள் போய் அவன் காலைப் பிடித்தாள். "தம்பி, என் கையையும் வெட்டிப் போடுடா. ஒரு வார்த்தை திட்டவாவது செய்யுடா."

அவன் காலை மெல்ல இழுத்துக்கொண்டான்.

"உங்க இடம் உங்களுக்கு வந்துடுச்சு. எழுந்திரிங்க, மில்லுக்காரம்மா."