தால்ச்சா குடித்த பேட்டரி

கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி கொண்டுபோகும் எங்கள் பழைய பெட்ரோல் வேனில், உடைத்துப்போட்ட இ-ஆட்டோவின் மோட்டாரையும் பேட்டரிகளையும் நானே பொருத்தினேன். நெரிசலில் மோட்டார் இழுக்கும். ரோடு காலியானால் பெட்ரோல். "சமைக்கிற பொம்பளைக்கு எதுக்கும்மா இம்புட்டு வேல?" என்று பட்டறைக்காரர் சிரித்தார்.

ஒருநாள் காந்திகிராமம் பக்கம் கல்யாணம். என் சீட்டுக்குப் பின்னால் இருந்த பேட்டரிப் பெட்டியின் பலகை மூடி சமமாக இருக்கிறதே என்று, பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் தால்ச்சா இருந்த அண்டாவை அதன்மேல் வைத்தேன். என் முட்டாள்தனம் அதுதான். வேகத்தடையில் அண்டா தளும்பி, புளியும் உப்புமாக அத்தனையும் பலகை இடுக்கு வழியே பேட்டரியில் இறங்கியது. குபுகுபுவெனப் புகை.

"வண்டிய நிப்பாட்டு புள்ள, இறங்கு!" என்று பக்கத்திலிருந்த கணவர் கத்தினார். நிறுத்தி, காய்ந்த துணியைக் கையில் சுற்றி மெயின் வயரைப் பிடுங்கிய பிறகே இறங்கினேன். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. புகை அடங்கியதும் பெட்ரோலில் ஓட்டி, பிரியாணியை நேரத்துக்குச் சேர்த்தோம்.

"இதப் பேசாம இரும்புக்கடையில போட்டுருவோம்" என்றார் அவர்.

"அடுப்புல கை சுட்டதுக்கு நான் சமைக்கிறத விட்டேனாங்க?" என்றேன்.

இப்போது பேட்டரி என் சீட்டுக்கு அடியில், நீர் புகாத பெட்டிக்குள் இருக்கிறது. அதை அணைக்கும் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில். நேற்று அந்தப் பட்டறை முன்னால் மோட்டாரில் சத்தமே இல்லாமல் போனேன். அன்று சிரித்த பட்டறைக்காரர் கவனிக்கவில்லை, அதனால் நன்றாக ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்.

- ஜமீலா, நாகல் நகர்