முந்திக்கொண்ட ‘டக்’

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு முகத்துக்கு நேரே அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் ‘இன்னொரு தடவை’. எதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நகர அவளால் முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வேலைக்குப் போகிற வழியில், கேஸை மூடினோமா என்று கணவருக்குப் போன் போடுவாள். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே அவர், "மூடியிருக்கும்மா, மூடியிருக்கு" என்பார். எழுந்து போய்ப் பார்த்துத்தான் சொன்னாரா என்று கேட்க அடுத்த போன் வரும்.

அப்படிப்பட்டவளுக்கு டயர் பிரிவில் வேலை கிடைத்தபோது வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை. "ஒரு பஸ்ஸுக்கு ஆறு சக்கரம், சக்கரத்துக்குப் பத்து நட்டு. இவ என்னிக்கு வீடு வந்து சேர்றது?" என்றார் அவளுடைய அண்ணன். ஆனால் பதினோரு வருடமாக அவள் மனம் அடங்கிக் கிடந்த ஒரே இடம் அதுதான். காரணம், டார்க் ரெஞ்ச். ஆள் இடுப்புக்கு மேல் வரும் நீளத்தில் ஒரு இரும்புத் தண்டு. எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த அளவில் பிடியைத் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். நட்டை இறுக்கும்போது அந்த அளவு வந்ததும் உள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். போதும் என்று அர்த்தம். போதும் என்று உலகத்தில் வேறு எதுவும் அவளிடம் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை நான்கு பஸ்களுக்குச் சக்கரம் மாட்டினாள். மூன்று கிளம்பிப் போய்விட்டன. நான்காவதின் கடைசிச் சக்கரத்தில் கைக்கு என்னவோ போல் இருந்தது. பாரம் ஏறுவதற்கு முன்பே ‘டக்’. தோளில் வழக்கமாக வரும் இழுப்பு வரவில்லை. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, நீளக் கம்பியை மாட்டி அழுத்திப் பார்த்தாள். நட்டு கால் சுற்று சுகமாகச் சுற்றிக்கொடுத்தது. பக்கத்து நட்டும் அப்படியே.

அப்போதுதான் அவளுக்குச் சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பத்து நிமிடம்தான் இருந்தது. அவசரத்தில் ரெஞ்ச் கைநழுவி, பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் விழுந்து, சிமெண்ட் தரையில் மோதியது. விழுந்த ரெஞ்சைச் சோதித்த பிறகுதான் தொட வேண்டும் என்பது விதி. அவள் துடைத்து மாட்டிவிட்டு ஓடிவிட்டாள். ஞாயிறு முழுக்க ஏதோ ஒன்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடாமல் கேஸையே நாலு தடவை பார்த்தாள்.

போர்மேனிடம் ஓடினாள். "சார், காலையில போன மூணு பஸ்ஸையும் நிறுத்தணும்."

"ஏம்மா, அதுலயும் கேஸ மூடலையா?"

"விளையாடாதீங்க சார். நீங்களே வந்து பாருங்க."

அவர் முனகிக்கொண்டே வந்து கம்பியை அழுத்தினார். நட்டு சுற்றியது. சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போனது.

இரண்டு பஸ்கள் பெரிய நிலையத்தில் நின்றுகொண்டிருந்ததால் அங்கேயே பிடித்து வைத்துவிட்டார்கள். மூன்றாவதை ஓட்டிப் போனவர் பணிமனையில் ‘நிதானம்’ என்று பெயரெடுத்தவர். வண்டியில் ஏறினால் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுகிற ஒழுங்கான மனிதர். நடத்துனரின் போனோ எடுக்க ஆளில்லாமல் மணியடித்துக்கொண்டே இருந்தது. இன்ஜின் பிரிவிலிருந்து இறுக்கத்தை முள் ஓடிக் காட்டும் பழைய ரெஞ்சை இரவல் வாங்கிக்கொண்டு, வழியில் நிற்கும் பஸ்களைப் பழுது பார்க்கப் போகும் வண்டியில் அவள் ஏறினாள்.

வழியெல்லாம் அவளால் உட்கார முடியவில்லை. கையில் ரெஞ்சை மாற்றி மாற்றிப் பிடித்தாள். எதிரே கூட்டம் தெரிந்தால் பஸ்தான் கவிழ்ந்ததோ என்று ஜன்னலுக்கு நகர்ந்தாள். பார்த்தால் கடைவாசல் கூட்டமாக இருக்கும். "எத்தன பேர் இருப்பாங்க அந்த வண்டில?" என்று கேட்டாள். "திங்கட்கிழமை ஆச்சே, நிக்க இடம் இருக்காது" என்று ஓட்டுநர் சொன்னதும், ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது.

அரை மணி நேரத்தில் பஸ்ஸின் பின்புறம் தெரிந்தது. ஹாரன் அடித்தார்கள். நிதானம் மரியாதையாக ஓரம் ஒதுங்கி, முந்திப் போகும்படி கை காட்டினார். மறுபடியும் அடித்தார்கள், மறுபடியும் கை காட்டினார். "இந்த மனுசன் பண்பாட்டுல இடி விழ!" என்று அவள் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கத்திய பிறகுதான் பஸ் நின்றது.

இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் விரலாலேயே சுற்றின.

அவள் வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு நட்டையும் முள்ளைப் பார்த்துப் பார்த்து இறுக்கினாள். பயணிகள் இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாரும்மா இத இறுக்குனது?" என்றார் ஒருவர்.

"நான்தான்."

அவர் வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அவள் தலை நிமிரவில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு சாலையோரமாக நடக்க ஆரம்பித்தாள். ஆறு சக்கரமும் முடித்த பிறகும் அந்தப் பெண் திரும்பி வரவில்லை. திட்டியவரைவிட அந்த முதுகுதான் இவளை அதிகம் சுட்டது.

மாலை போர்மேன் அறிக்கைத் தாளை எடுத்தார். "பழைய ரெஞ்ச், தேய்ஞ்சு போச்சுன்னு எழுதிடறேன். யாருக்கும் வம்பில்ல."

"கீழ விழுந்துச்சுன்னு எழுதுங்க சார். என் கையிலேர்ந்து."

"உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்கறியா?"

"நீங்க எழுதலன்னா நானே மேலதிகாரிக்கு எழுதிக் குடுப்பேன். அப்புறம் என் மேல கோவப்படக் கூடாது."

அவர் பேனாவைத் திறந்து அப்படியே எழுதினார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் பஸ் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். சோதனைக் கூடத்தில் ரெஞ்சைப் பிரித்ததில், உள்ளே ஸ்பிரிங் உட்காரும் இடம் விரிசல் விட்டிருந்தது. அறுநூறு என்று வைத்தால் நானூற்றுப் பத்திலேயே ‘டக்’ அடித்திருக்கிறது. பழுது பார்ப்பதில் பிரயோசனமில்லை என்று புதிதாக ஒன்று அனுப்பினார்கள்.

டயர் பிரிவுக்குத் திரும்பிய அன்று சோதனைத் தாளோடு புது ரெஞ்ச் பெட்டியில் காத்திருந்தது. அறுநூறில் வைத்து முதல் நட்டை இறுக்கினாள். தோளில் இழுப்பு வந்தது. ‘டக்’ என்றது. அவளுக்குள் எதுவும் அடங்கவில்லை. இன்ஜின் பிரிவின் முள் ரெஞ்சை எடுத்து அதே நட்டில் மாட்டினாள். முள் அறுநூறில் போய் நின்றது. இரண்டு ரெஞ்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த நட்டுக்கு நகர்ந்தாள். இன்னும் ஐம்பத்தொன்பது இருந்தன. வெளியே அடுத்த வண்டியோடு காத்திருந்த நிதானம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.